ஆபரேஷனுக்கு ‘தனி கிட்’ என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் போன மாதம் எனக்கு நடந்தது இது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குடலிறக்க ஆபரேஷன். 20,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். எச்.ஐ.வி.க்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் 9 வருடமாக மாத்திரை வாங்குகிறேன், ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டரிடம் நானேதான் சொன்னேன். அவர் சரி என்றார். அப்புறம் பில் போடும் இடத்தில் கூப்பிட்டு, “உங்களுக்குத் தனி கிட் வேணும், கூடுதலா 12,000 ஆகும்” என்றார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கென்று தனியாக எடுக்கும் கையுறை, கவசம் போன்றவைதான் அந்த கிட். வலியில் எதுவும் கேட்காமல் கட்டினேன். ரசீதில் ‘இதர செலவு’ என்று மட்டும் இருந்தது.

மறுநாள் தியேட்டர் வாசலில் படுத்திருக்கிறேன். ஃபைலின் மேல் சிவப்பு மையில் ‘எச்.ஐ.வி.’ என்று எழுதியிருந்ததை ஒரு சிஸ்டர் சத்தமாக வாசித்து, “இவரை யார் இங்க கொண்டு வந்தது?” என்றார். பக்கத்தில் என் மைத்துனர் நின்றார். அவருக்கு அதுவரை தெரியாது. அரை மணி நேரத்தில், “இங்க வசதியில்ல, திருவனந்தபுரம் போங்க.” கிட்டைப் பிரித்துவிட்டார்களாம், பணம் கிடையாதாம்.

வசதியில்லை என்பது பொய். கையுறை, முகக் கவசம், ஊசியைப் பத்திரமாகக் கழிப்பது எல்லாம் எந்த நோயாளிக்கும் செய்ய வேண்டியவை. தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியாமலேயே எத்தனையோ பேர் அதே மேசையில் படுக்கிறார்கள். எனக்கு மட்டும் எதற்குத் தனி விலை?

2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. தனியாருக்கும் அது பொருந்தும். எச்.ஐ.வி.யைக் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது, சம்மதமில்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அங்கே நடக்காவிட்டால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 30 நாளில், அவசரச் சிகிச்சை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில் அவர் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். வழக்கென்று போனாலும் உங்கள் பெயரை மறைத்து நடத்தும்படி கேட்கலாம்.

நான் செய்த தவறு, ஏன் ஆபரேஷன் செய்ய மாட்டீர்கள் என்பதை எழுதித் தரச் சொல்லாமல் வந்தது. நீங்கள் கேளுங்கள். ரசீது, டிஸ்சார்ஜ் தாள், ஃபைலின் முன்பக்கப் படம் எதையும் விடாதீர்கள். எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

ஆபரேஷன் பிறகு அரசு மருத்துவமனையில் நடந்தது. தனி கிட் என்று யாரும் கேட்கவில்லை. புகார் மனுவைப் போன வாரம் அனுப்பிவிட்டேன். மைத்துனர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.