பரதேசியா, மேற்குத் தொடர்ச்சி மலையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படம்தான் என்றால் இரண்டில் எது என்று செல்லூர் நண்பன் கேட்டான். பாலாவின் பரதேசி (2013) நெஞ்சில் அடித்துச் சொல்லும் ரகம். பஞ்சம் பிழைக்க நினைக்கும் ஊருக்கு ஆசை காட்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டிப்போகும் கங்காணியை வெறுப்பது சுலபம். அதர்வா நடிப்புக்காகப் பார்க்கலாம், சரி.

லெனின் பாரதியின் மேற்குத் தொடர்ச்சி மலை (2018) அப்படியில்லை. நம்ம தேனிப் பக்கத்து மலை, ஏலக்காய் மூட்டை, ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்கும் ரங்கசாமி, கடைசியில் கைவிட்டுப்போன அதே நிலத்தில் சுற்றுகிற காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறானே, அந்த வேலையை என்னவென்று சொல்வது? என் ஓட்டு இதற்குத்தான்.

சித்தப்பா ஒரு காலத்தில் ஏலத்தோட்டக் கங்காணி. பரதேசியைப் பார்த்துச் சத்தம் போட்டார். இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனார்.