கயானாவுக்கு முன்னால் மூன்று பாதைகள்: நைஜீரியா, ஈக்வடார், கிழக்குத் திமோர்

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு இரவில் ஏறினால், மாகுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் எரியும் தீ தெரியும். மூன்றாம் மாடியில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி, நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் சில ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒரு நாள் அந்தத் தீயைக் காட்டி அவர் சொன்னார்: "இது என்ன தீ தம்பி? அங்க ஊரை ஒட்டியே எரியும். ராத்திரி விளக்கே வேண்டாம். அந்தச் சூட்டுலதான் பொம்பளையாளுவ மரவள்ளி மாவு காயப் போடுவாவ." அதைக் கேட்ட பிறகுதான், எண்ணெயை நம்பி வாழும் ஏழை நாடுகள் எந்தெந்த வழியில் போயின, எந்த வழி எதைக் கொடுத்து எதைப் பறித்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்தக் கேள்வி இன்று மிக அவசரமாக நிற்பது தென் அமெரிக்காவின் கயானாவில். எட்டு லட்சம் பேர் அளவே வாழும் அந்நாட்டின் கடலடியில் 2015இல் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. 2024இல் அது நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாயைத் தாண்டியது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், அங்கே பெர்பிஸ் பகுதியில் இன்றும் மாரியம்மனுக்கு விழா எடுக்கிறார்கள். கயானா மக்களுக்கு முன்னால் மூன்று நாடுகள் ஏற்கெனவே நடந்து பார்த்த மூன்று பாதைகள் இருக்கின்றன.

முதலாவது, எடுத்து விற்று, வந்ததை வந்தவுடன் செலவிடும் பாதை. நைஜீரியாவின் ஒலோய்பிரியில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. 1958இல் ஏற்றுமதி தொடங்கியது. அரசின் வருமானமும் அந்நியச் செலாவணியும் எண்ணெயை நம்பியே நிற்கத் தொடங்கின. எண்ணெய் விலை ஏறினால் செலவு பெருகும், இறங்கினால் கடன் பெருகும் என்ற நிலை தலைமுறைகளைத் தாண்டி நீடித்தது. கச்சா எண்ணெயை விற்கும் நாடு, அரசுச் சுத்திகரிப்பு ஆலைகள் முடங்கிக் கிடந்ததால், பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கி மானியம் கொடுத்து மக்களுக்கு விற்றது. 2023 மே மாதத்தில் அந்த மானியம் நிறுத்தப்பட்டபோது பெட்ரோல் விலை சில நாட்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. லெக்கியில் நாளொன்றுக்கு 6.5 லட்சம் பீப்பாய் கொள்ளளவுள்ள தனியார் சுத்திகரிப்பு ஆலை 2024இல் இயங்கத் தொடங்கியது என்பது உண்மையிலேயே நல்ல செய்தி; ஆனால் முதல் பீப்பாய் விற்ற நாளிலிருந்து அது 66 ஆண்டுகள் தள்ளி வந்தது.

எண்ணெய் ஊறிய மண்ணின் கதை இதைவிடக் கொடியது. எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயுவைக் குழாயில் கொண்டுபோகவோ நிலத்தடிக்கே திருப்பிச் செலுத்தவோ பணம் ஆகும். எரித்துவிட்டால் செலவே இல்லை. 1984க்குப் பிறகு அனுமதியின்றி எரிக்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அண்ணாச்சி பார்த்த தீயெல்லாம் அதற்குப் பிறகு எரிந்த தீதான். ஒகோனி மக்களின் உரிமைக்காகப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ விவாவும் அவருடன் எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஒகோனி நிலத்தின் ஓர் ஊரில் மக்கள் குடிக்கும் கிணற்று நீரில், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கும் மேல், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கலந்திருப்பதைக் கண்டறிந்தது. அந்தப் பகுதியை முழுமையாக மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும், முதல் ஐந்தாண்டுகளுக்கு மட்டும் 100 கோடி டாலர் வேண்டும் என்றும் கணக்கிட்டது. துப்புரவுப் பணியின் தொடக்க விழா நடந்ததே 2016இல்தான். போடோ என்ற மீனவ ஊரில் 2008இல் குழாய் உடைந்து எண்ணெய் பரவியது; லண்டனில் வழக்குத் தொடுத்த பிறகு 2015இல் 5.5 கோடி பவுண்டு இழப்பீட்டுக்கு ஒப்பந்தம் ஆனது. அதிலிருந்து ஏறத்தாழ 15,600 பேருக்குத் தலைக்கு 2,200 பவுண்டு. ஆனால் அலையாத்திக் காடு செத்துப்போன ஓடையில் மீன் உடனே திரும்பி வருவதில்லை. பல ஆண்டுகள் நைஜீரியக் கச்சா எண்ணெயை அதிகமாக வாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதால், நாம் இதை வெறும் தூரத்துச் செய்தியாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

இதற்கு நேர் எதிரான பாதை ஈக்வடாருடையது: எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவது. அமேசான் காட்டில் பல பத்தாண்டுகள் நடந்த எண்ணெய் எடுப்பின் கழிவுக் குட்டைகளைக் கண்ட நாடு அது. யசுனி தேசியப் பூங்காவுக்குள், வெளியுலகத் தொடர்பை விரும்பாத தகாயிரி, தரோமெனானே மக்கள் வாழும் காட்டினடியில், ஏறக்குறைய 84.6 கோடி பீப்பாய் எண்ணெய் இருந்தது. அதைத் தொடாமல் விடுகிறோம், இழக்கும் வருமானத்தில் பாதியான 360 கோடி டாலரை உலகம் எங்களுக்குத் தரட்டும் என்று அதிபர் ரஃபாயேல் கொர்ரேயா 2007இல் கேட்டார். 2013 வரை கையில் வந்தது சுமார் 1.3 கோடி டாலர். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டு, 2016இல் எண்ணெய் எடுப்பது தொடங்கியது. காடுகளைப் பற்றி ஏழை நாடுகளுக்குப் பாடம் நடத்தும் பணக்கார நாடுகள் அன்று கையை விரித்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனால் மக்கள் விடவில்லை. இளைஞர்கள் கையெழுத்துத் திரட்டி, நீதிமன்றப் படியேறி, 2023 ஆகஸ்ட் 20 அன்று பொது வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார்கள். சுமார் 59 சதவீதம் பேர் எண்ணெய் மண்ணிலேயே இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். எண்ணெய் வருமானத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நாட்டு மக்கள் எடுத்த அந்த முடிவை நான் வணங்குகிறேன். இருந்தாலும், ஓராண்டுக்குள் மூட வேண்டும் என்ற கெடு முடியும் தறுவாயில், 2024 ஆகஸ்டில்தான் அங்கே முதல் கிணற்றை மூடும் வேலை தொடங்கியது. முழுவதையும் முடிக்க 2029 ஆகும் என்று அரசு சொன்னது. தோண்டிய பிறகு மூடுவதற்கும் பணம் வேண்டும், அந்தப் பணம் யார் கையிலும் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது பாதை, எடுப்பது, ஆனால் பூட்டி வைப்பது. 2002இல் விடுதலை பெற்ற கிழக்குத் திமோர், 2005இலேயே சட்டம் இயற்றி, எண்ணெய், எரிவாயு வருமானம் முழுவதையும் ஒரே நிதியில் சேர்த்து வெளிநாட்டில் முதலீடு செய்தது. மீதமுள்ள மொத்த எண்ணெய்ச் செல்வத்தில் ஆண்டுக்கு 3 சதவீதம் மட்டுமே எடுக்கலாம் என்பது அளவுகோல். நிதி 1,800 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்தது. பதின்மூன்று லட்சம் பேர் கொண்ட நாட்டுக்கு அது பெரிய சேமிப்பு. குறை என்னவென்றால், நாடாளுமன்றம் சம்மதித்தால் 3 சதவீதத்தைத் தாண்டலாம். ஆண்டுக்கு ஆண்டு தாண்டினார்கள். கைகொடுத்த கடலடி எரிவாயு வயல் வற்றிவிட்டது, வேறு தொழிலும் வளரவில்லை. ஆனாலும் பூட்டு இருந்ததால், திருத்திக்கொள்ளக் கையில் இன்னும் பணம் இருக்கிறது. விலை ஏறும்போது மிஞ்சும் பணத்தைச் சேர்க்க நைஜீரியா 2004இல் தொடங்கிய உபரி எண்ணெய்க் கணக்கு துடைத்தெடுக்கப்பட்டதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

கயானா இம்மூன்றில் எதை எடுக்கும்? எண்ணெயைத் தொடாமல் விடும் கட்டம் அங்கே கடந்துவிட்டது. எண்ணெய் நிறுவனத்தோடு போட்ட 2016 ஒப்பந்தப்படி அரசுக்குக் கிடைக்கும் உரிமைத்தொகை (ராயல்டி) வெறும் 2 சதவீதம். முக்கால் பங்கு வருமானம் வரை நிறுவனத்தின் செலவுக் கழிவாகப் போன பிறகு, எஞ்சியதில் பாதி அரசுக்கு. 2019இல் திமோரைப் போன்ற நிதிச் சட்டம் வந்தது, 2021இல் அது மாற்றி எழுதப்பட்டது, 2024இல் எடுக்கும் வரம்பு மேலும் தளர்ந்தது. பூட்டின் சாவி இப்போதே கைமாறத் தொடங்கிவிட்டது என்பது என் கவலை.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. இங்கே மாகுல், அம்பாபாடா கிராமத்தார் காற்று மாசு குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை 2014இல் நாடினார்கள். நான்கு நிறுவனங்கள் 286 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்ற உத்தரவு வந்தது 2020இல். போடோவிலும் யசுனியிலும் நடந்ததைப் போலவே, சேதம் முன்னால் போக, பணம் பின்னால் தேடி வருகிறது. ஆகவே எவ்வளவு சேமிக்கிறார்கள் என்பதைவிட, கசிவுக்கும் மூடுவதற்குமான பணத்தை முதலிலேயே வாங்கி வைக்கிறார்களா என்பதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்வேன்.

கயானாவில் அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. கசிவு நேர்ந்தால் ஆகும் செலவு முழுவதற்கும் எண்ணெய் எடுக்கும் நிறுவனம் வரம்பற்ற உத்தரவாதம் தர வேண்டும் என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் சாதாரணக் குடிமக்கள். நிறுவனத்தோடு சேர்ந்து அரசின் சுற்றுச்சூழல் முகமையும் மேல்முறையீட்டுக்குப் போயிற்று; அடுத்த மாதமே அந்தத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டு, 200 கோடி டாலர் உத்தரவாதம் போதும் என்றானது. தலைநகர் ஜார்ஜ்டவுன், கடல் ஏற்றத்தின்போது உயரும் நீர்மட்டத்துக்குக் கீழே, தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. போடோ மீனவர்கள் இழப்பீட்டுக்கு ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். பெர்பிஸ் கழிமுகத்தில் வலை வீசி அன்றாடம் அடுப்பெரிப்பவர்களால் அத்தனை காலம் காத்திருக்க முடியாது.