சேஃப்டி வென்ஃப்ளான்: கிளிப் வகையா, பட்டன் வகையா?

ட்ரிப், மருந்து ஏற்ற வெயினில் (ரத்தக் குழாயில்) போட்டு வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழல்தான் வென்ஃப்ளான். குழலைக் கதீட்டர் என்றும், அதற்குள் இருக்கும் ஊசியை ஸ்டைலட் என்றும் சொல்வோம். சாதா வென்ஃப்ளான் போடும்போது நர்ஸுக்கு ஆபத்தான நேரம், ஃப்ளாஷ்பேக் (ஊசி வெயினில் நுழைந்ததும் பின்னால் ஏறும் ரத்தம்) தெரிந்து கதீட்டர் உள்ளே போன பிறகுதான் வருகிறது. இடது கை விரல் கதீட்டர் நுனிக்கு மேலே வெயினை அழுத்திப் பிடித்திருக்கும். வலது கை ஸ்டைலட்டை உருவும். ஸ்டைலட்டின் பின்முனையில் இருக்கும் வெள்ளை மூடியை அதே வலது கை விரல்களால் திருகிக் கழற்றி, ஹப்பில் (கதீட்டரின் பின்முனையில்) மாட்ட வேண்டும். மாட்டி முடிகிறவரை ரத்தம் பட்ட ஊசி விரலிடுக்கில் திறந்தபடியே இருக்கும். நோயாளி கையை இழுத்தாலோ குழந்தை உதறினாலோ குத்திவிடும். உள்ளே துளையுள்ள ஊசி என்பதால் அதில் ரத்தம் தங்கியிருக்கும். அதனால் தையல் ஊசி குத்துவதைவிட இது மோசம். நோயாளிக்குத் தொற்று இருந்தால், ஒரு குத்தில் அது பரவும் வாய்ப்பு: தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி 6 முதல் 30 சதவீதம், ஹெபடைட்டிஸ் சி சுமார் 0.2 சதவீதம் (பழைய கணக்கில் 1.8), எச்.ஐ.வி. சுமார் 0.3 சதவீதம்.

இந்தச் சில நொடிகளுக்காகத்தான் சேஃப்டி வென்ஃப்ளான் வந்தது. சந்தையில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று கிளிப் வகை: பி.பிரான் கம்பெனியின் இன்ட்ரோகேன் சேஃப்டி, வாசோஃபிக்ஸ் சேஃப்டி இரண்டும் இதில் சேரும். ஸ்டைலட்டை உருவும்போது, நுனி ஹப்பை விட்டு வெளியே வரும் கணத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப் தானாகவே நுனியைக் கவ்வி மூடிக்கொள்ளும். இன்னொன்று பட்டன் வகை: பி.டி. கம்பெனியின் இன்சைட் ஆட்டோகார்டு. கதீட்டரைத் தள்ளி முடித்ததும் வெள்ளைப் பட்டனை அழுத்தினால், ஸ்பிரிங் இழுத்து ஊசி முழுதும் பிளாஸ்டிக் குழலுக்குள் போய்விடும்.

பட்டன் வகை பார்க்க நேர்த்தியானது. ஊசி முழுக்க மறைந்துவிடுகிறது. ஆனால் அழுத்த ஒரு ஆள் வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் அழுத்த வேண்டும். கதீட்டரைத் தள்ளுவதற்கு முன்பே விரல் பட்டால் ஊசி உள்ளே ஓடிவிடும். தாங்க ஊசி இல்லாமல் கதீட்டர் துவண்டுபோகும், புதிதாக ஒன்றைப் பிரிக்க வேண்டியதுதான். கேஷுவாலிட்டியில் சி.பி.ஆர். நடக்கும்போது அழுத்தவே மறந்து, திறந்த ஊசியைக் கிட்னி ட்ரேயில் போட்டுவிடுவதும் உண்டு. ஸ்பிரிங் வேகத்தில் சிறு ரத்தத் துளி தெறிக்கலாம் என்பதால், முகத்தை நேர்கோட்டில் வைக்காமல் சற்று விலக்கிக்கொண்டு அழுத்துவது நல்லது.

கிளிப் வகையில் நர்ஸ் கூடுதலாக எதையும் நினைவில் வைக்க வேண்டாம். உருவினாலே நுனி மூடிவிடும். பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டியின் கடைசியில், விடியற்காலை நான்கு மணிக்கு வென்ஃப்ளான் போடுகிற கைக்கு இதுதான் பாதுகாப்பு. வார்டுக்கு நான் பரிந்துரைப்பது கிளிப் வகையையே.

அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கிளிப் ஹப்பிலிருந்து விடுபடும்போது லேசான ஒரு பிடிப்பு தெரியும். சாதா வென்ஃப்ளான் பழகிய கை அந்த இடத்தில் வெடுக்கென்று இழுத்தால், கதீட்டரும் கூடவே வெளியே வந்துவிடும். குழந்தைகளுக்குப் போடும் சன்னமான மஞ்சள் 24ஜி (கேஜ்) அளவில் இந்த இழுப்பு நன்றாகவே உறைக்கும். ஹப்பை ஒரு விரலால் அசையாமல் பிடித்து, ஸ்டைலட்டைத் திருகாமல், சாய்க்காமல், நேராக ஒரே சீராக உருவ வேண்டும். ஃப்ளாஷ்பேக் வந்ததும் கோணத்தைத் தாழ்த்தி, ஊசியும் கதீட்டரும் சேர்ந்தே 2 முதல் 3 மில்லிமீட்டர் முன்னே போன பிறகுதான் கதீட்டரை மட்டும் தள்ள வேண்டும். உருவிய ஸ்டைலட்டைத் திரும்ப உள்ளே விடவே கூடாது. கதீட்டர் நுனி அறுந்து ரத்தத்தோடு போய்விடும் என்ற எச்சரிக்கை சாதா வென்ஃப்ளானுக்கும் உண்டு. இதில் கிளிப் வேறு குறுக்கே நிற்கும். கிளிப் மூடுவது நுனியை மட்டும்தான். தண்டில் ரத்தம் அப்படியே இருக்கும், கையுறை கட்டாயம்.

போர்ட், அதாவது வென்ஃப்ளான் மேலேயே மருந்து தள்ளும் வாய், பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் நர்ஸ்கள் மேலே கலர் மூடி வைத்த வென்ஃப்ளானுக்குப் பழகியவர்கள். ட்ரிப்பைக் கழற்றாமலே ஆன்டிபயாடிக்கை அதில் தள்ளிவிடலாம். இன்ட்ரோகேன் சேஃப்டியில் அந்தப் போர்ட் கிடையாது, வாசோஃபிக்ஸ் சேஃப்டியில் உண்டு. போர்ட் இல்லாததை வாங்கினால் த்ரீ-வே (மூன்று வழித் திருகு) அல்லது ஊசியில்லா கனெக்டரோடு எக்ஸ்டென்ஷன் லைன் சேர்த்தே வாங்க வேண்டும். அதைச் செய்யாமல் வென்ஃப்ளானை மட்டும் மாற்றினால், ஒவ்வொரு டோஸுக்கும் லைனைத் திறக்க வேண்டிவரும். வார்டு ஒரே வாரத்தில் பழையதைக் கேட்கும். தொற்றைப் பார்த்தால் போர்ட் இல்லாததே மேல். அந்தக் கலர் மூடிக்கு உள்ளே ஸ்பிரிட் பஞ்சால் சரியாகத் துடைக்க வழியில்லை.

கழிவு விஷயத்தில் நிறைய வார்டுகள் தடுமாறுகின்றன. கிளிப் மாட்டிய ஸ்டைலட்டை நீடில் பர்னரிலோ (ஊசியை எரிக்கும் கருவி) ஹப் கட்டரிலோ (ஊசியை வெட்டும் கருவி) விடக் கூடாது, விடவும் முடியாது. கிளிப்பைப் பிய்த்து எரிக்கப் பார்ப்பது பாதுகாப்பையே கழற்றி எறிவது. 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் சொல்கிறபடி, குத்தினால் துளைபடாத வெள்ளை டப்பாவில் அப்படியே போட வேண்டும். டப்பா படுக்கைக்குப் பக்கத்திலேயே, ஐ.வி. ட்ராலியில் இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். பட்டன் வகைக் குழல் பெரிதென்பதால் டப்பா சீக்கிரம் நிறையும், டப்பா எண்ணிக்கையையும் கூட்டிக் கேளுங்கள். மெத்தையில் குத்தி வைத்த ஊசி மறுநாள் காலை பெட்ஷீட் உருவும் துப்புரவுப் பணியாளர் கையில் ஏறுகிறது. அவருக்கு எந்த நோயாளியின் ஊசி என்றுகூடத் தெரியாது.

விலை சாதாவைவிடக் கூடுதல். நிர்வாகம் முதலில் சொல்லும் மறுப்பும் இதுதான். குத்துக்குப் பிறகு ஆகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்: குத்துப்பட்டவர், நோயாளி இருவருக்கும் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் 28 நாள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின், மாதக்கணக்கில் ஃபாலோ-அப். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது. குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களும் நர்ஸிங் மாணவிகளும் திட்டு விழும் என்று பயந்து மறைக்கிறார்கள். இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். குத்துப்பட்டவரை விசாரணைக் கைதி போல் நடத்தும் இடத்தில் எந்த சேஃப்டி வென்ஃப்ளான் வாங்கியும் பயனில்லை. போதனை மருத்துவமனை அல்லாத இடங்களில் பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிற இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவை விட்டு, முப்பது பேரை ஒருவர் தலையில் கட்டினாலும் அப்படித்தான்.

அமெரிக்காவில் 2000-இல் வந்த ஊசிக் குத்துத் தடுப்புச் சட்டம், எந்தக் கருவியை வாங்குவது என்பதில் படுக்கையருகே வேலை செய்பவர்களின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்கியது. இங்கே பர்ச்சேஸ் கமிட்டியில் ஸ்டாஃப் நர்ஸைக் காண்பது அரிது. வார்டு இன்சார்ஜ் செய்யக்கூடியது: ஆர்டருக்கு முன் பச்சை 18ஜி, பிங்க் 20ஜி, நீலம் 22ஜி, மஞ்சள் 24ஜி நான்கிலும் சாம்பிள் வாங்கி, முதலில் பயிற்சிக்கான மாடல் கையில், பிறகு அனுபவமுள்ளவர்களைக் கொண்டு வார்டில் போட்டுப் பாருங்கள். கிளிப் முழுமையாக மூடுகிறதா, உருவும்போது கதீட்டர் நகர்கிறதா, எத்தனை தோற்றது என்று அளவு வாரியாகக் குறித்துக் கொடுங்கள். குழந்தைகள் வார்டுக்கு 24ஜி ஒத்துவரவில்லை என்றால், அந்த அளவை மட்டும் வேறு கம்பெனியில் கேட்கலாம். மற்றவற்றை நிறுத்த வேண்டியதில்லை.