கத்திரி வெயிலில் கார் ஏசி: கேஸா, காற்றா, கண்ணாடியா?

மே மாதம் பிறந்ததும் கார் ஏசி பட்டறைகளில் அதிகம் கேட்கும் வாக்கியம், "கூலிங் பத்தல, கேஸ் அடிச்சு விடுங்க" என்பதுதான். வேலூரிலும் திருத்தணியிலும் வெயில் 42 டிகிரியைத் தாண்டும் அந்த வாரங்களில் காரின் குளிர்ச்சியைக் கூட்ட மூன்று வழிகள் போட்டியில் நிற்கின்றன: கேஸைக் கூட்டுவது அல்லது மாற்றுவது, கன்டென்சருக்குப் போகும் காற்றைச் சரிசெய்வது, கண்ணாடி வழியாக வரும் வெப்பத்தைத் தடுப்பது. இவற்றில் பட்டறைகளில் அதிகம் விற்பனையாவது முதலாவது. கொடுத்த பணத்துக்குப் பெரும்பாலும் பலன் தருவது இரண்டாவது.

ஏசி குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து, முன் பம்பருக்குப் பின்னால் நிற்கும் கன்டென்சர் வழியாக வெளியே தள்ளுகிறது. அந்த வெப்பம் வெளியேற வேண்டுமானால், கன்டென்சருக்குள் ஓடும் கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். பல கார்களின் ஏசியில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் 50 டிகிரியில் திரவமாவதற்கு ஏறத்தாழ 13 பார் அழுத்தம் போதும். 70 டிகிரியில் திரவமாக வேண்டுமென்றால் 21 பார் தேவைப்படுகிறது. சிக்னலில் வண்டி நிற்கையில், தார்ச்சாலையின் அனலும் முன்னால் நிற்கும் லாரியின் புகையும் கலந்த காற்றுதான் கன்டென்சருக்குக் கிடைக்கிறது என்பதால், வெளியே 43 டிகிரி இருக்கும் நாளில் இந்த இரண்டாவது கணக்கை எட்டுவது வெகு எளிது. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் சுமை ஏறுவது ஒரு நட்டம். அவ்வளவு சூடாக வந்து சேரும் திரவத்தில் ஒரு பெரும் பங்கு, அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதுமே ஆவியாகிவிடுவதால், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் வெப்பத்தை உறிஞ்ச மிஞ்சும் அளவு குறைந்துபோவது இன்னொரு நட்டம்.

இந்த நிலையில் கேஸைக் கூட்டினால் என்ன ஆகும்? கூடுதல் திரவம் கன்டென்சரின் கீழ்க்குழாய்களில் தேங்கும். வெப்பம் வெளியேறப் பயன்படும் பரப்பு சுருங்கும். அழுத்தம் இன்னும் ஏறும். ஒரு கட்டத்தில் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீரும் பொருளுமல்ல. ரப்பர் ஹோஸ்கள் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பு. அதற்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது, அதை அடைக்காமல் அடித்த கேஸ் அடுத்த கோடைக்கு நிற்காது. சிறிய கார்களில் மொத்த அளவே அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும் என்பதால், ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். இருக்கும் கேஸை முழுவதும் எடுத்துவிட்டு, குழாய்களில் எஞ்சிய காற்றை உறிஞ்ச வாக்குவம் போட்டு, பானெட்டின் கீழ் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் கண்ட எடைக்கு நிறுத்து அடிப்பதே முறை. அழுத்த மீட்டரின் முள்ளைப் பார்த்தே அளவு சொல்பவரிடம், அந்த முள் அன்றைய வெயிலுக்குத் தகுந்தபடி மாறும் என்பதை நினைவூட்டுவதில் தவறில்லை.

காற்று வழியோ அதிகம் பேசப்படாதது, ஆனால் மலிவானது. உங்கள் வண்டிக்கு எது தேவை என்பதை வண்டியே சொல்லிவிடும். நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகக் காற்று வந்தால், கோளாறு பெரும்பாலும் கேஸில் இல்லை. வண்டி ஓடும்போது தானாகக் கிடைக்கும் காற்று, நிற்கும்போது ஃபேன் மூலம் கிடைக்கவில்லை. ஏசியைப் போட்டு, வண்டியை நிறுத்தி வைத்து, ஒரு தாளை முன் கிரில்லில் வைத்துப் பாருங்கள்: ஃபேன் சரியாக இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும், இல்லையெனில் நழுவி விழும். பல கார்களில் ஃபேனின் குறைந்த வேகம் ஒரு ரெசிஸ்டர் மூலம் வருகிறது. அது எரிந்துபோனால் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே ஃபேன் சுழலத் தொடங்கும். கன்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே பூச்சிகளும் புழுதியும் அடைந்திருக்கும். தகடு வளையாதபடி மிதமான வேகத்தில் தண்ணீர் அடித்தால் போதும். வாட்டர் சர்வீஸில் முழு வேகத்தில் அடித்தால் இருப்பதும் கெடும். முன்பக்கம் இடிபட்டு வேலை பார்த்த வண்டியாக இருந்தால், கன்டென்சரின் ஓரங்களில் இருந்த ஸ்பாஞ்ச் பட்டைகள் திரும்பப் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் என்ஜின் அறையின் சூடான காற்றே சுற்றி வந்து மறுபடி கன்டென்சருக்குள் நுழையும்.

கேஸையே மாற்றலாம் என்ற யோசனையைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். புரோபேன், ஐசோபியூட்டேன் கலவைகள் நன்றாகவே குளிர்விக்கும், ஆனால் தீப்பிடிப்பவை. கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால், அங்கு கசிந்தால் கேஸ் நேராகப் பயணிகள் அறைக்குள்தான் வரும். அதற்கென வடிவமைக்கப்படாத காரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்-134ஏ-வுக்கு மாற்றான ஆர்-1234ஒய்எஃப் கேஸ் புவி வெப்பமாதலைக் குறைப்பதற்காக வந்தது, கூடுதல் குளிர்ச்சிக்காக அல்ல.

கண்ணாடிக்கு வருவோம். சூரிய வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. ஆகவே, இருட்டாகத் தெரியும் மலிவான சாய ஃபிலிமைவிட, தெளிவாகத் தெரியும் செராமிக் வகை ஃபிலிம் வெப்பத்தை அதிகம் தடுக்க முடியும். சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது; விதி திருத்தப்பட்ட பின், அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆயினும் சாலையில் நிறுத்திச் சோதிப்பவரிடம் இந்த வரலாற்றை விளக்குவது உங்கள் பொறுப்பு.

வண்டி அதிக நேரம் வெயிலில் நிற்கிறது என்றால், ஃபிலிமைவிட முன்கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளி நிறத் தட்டி கொடுத்த காசுக்கு அதிகம் உழைக்கும்; சாய்ந்து கிடக்கும் அந்தக் கண்ணாடிதான் காரிலேயே பெரிய வெயில் வாசல். ஜன்னலை விரலளவு இறக்கி வைப்பது பெரிதாக உதவாது: 2005-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், நிறுத்திய காரின் வெப்ப உயர்வில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்தது, ஜன்னலைச் சற்றே திறந்து வைத்தும் நிலைமை அதிகம் மாறவில்லை. புதிதாகக் கார் வாங்குபவருக்கு நிறமும் ஒரு தேர்வுதான்; கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் ஒரே மாடலில் கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, ஒரு மணி நேரத்தில் வெள்ளி நிறக் காரின் உட்புறம் 5 முதல் 6 டிகிரி வரை குறைவாக இருந்தது.

ஊருக்கு ஊர் பலன் மாறும் இடமும் உண்டு. வெளிக்காற்றை உள்ளே விடுவதா, உள்காற்றையே சுழற்றுவதா என்ற பொத்தான் விஷயத்தில் சென்னையும் வேலூரும் ஒன்றல்ல. 42 டிகிரி வறண்ட காற்றைவிட, 36 டிகிரி ஈரமான கடற்காற்று, அதிலுள்ள நீராவியையும் சேர்த்துக் கணக்கிட்டால், கூடுதல் வெப்பத்தைச் சுமந்து வருகிறது. அந்த நீராவியைத் தண்ணீராக்கி வண்டிக்கு அடியில் சொட்டவிடுவதிலேயே காயிலின் உழைப்பில் கணிசமான பங்கு கரைகிறது. ஆகவே சென்னையில் உள்சுழற்சிப் பொத்தானை மறப்பது பெருந்தவறு. வேலூரிலோ கன்டென்சரைச் சுத்தமாக வைத்திருப்பதன் பலனே முந்தி நிற்கும். இரண்டு ஊரிலும், வெயிலில் கிடந்த வண்டியைக் கிளப்பும்போது முதல் ஓரிரு நிமிடம் ஜன்னல்களைத் திறந்து அனலை வெளியேற்றிய பிறகே சுழற்சிக்கு மாற வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் குளிர்ச்சி போதவில்லை என்பவர்களுக்குப் பட்டறைகள் கூடுதல் ஃபேனையோ பெரிய கன்டென்சரையோ காட்டும். நகருக்குள் மட்டும் ஓடும் பழைய வண்டிக்கு ஃபேன் பொருந்தும். தனி ரிலேயும் ஃபியூஸும் வைத்து இணைப்பது கட்டாயம், வேகமாகப் போகையில் அது காற்றைச் சற்று மறிக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே குழாய் வளைந்து வளைந்து செல்லும் பழைய வகைக் கன்டென்சர் உள்ள வண்டிக்கு, பல மெல்லிய குழாய்கள் இணையாக ஓடும் புதிய வகையை மாற்றுவது செலவானாலும் நிற்கையிலும் ஓடுகையிலும் பலன் தரும். ஆனால் அதன்பின் ஸ்டிக்கரிலுள்ள கேஸ் எடை பொருந்தாது, அளவை நிதானமாக மறுபடி கண்டறியும் பொறுமை உள்ள மெக்கானிக் கிடைத்தால் மட்டுமே அதில் இறங்கலாம்.