அம், ஆ, யூ நோ: டோஸ்ட்மாஸ்டர்ஸின் ‘ஆ கவுண்டர்’ காசுக்குத் தகுமா?

ஆங்கிலத்தில் பேசும்போது இடையிடையே வந்து விழும் ‘அம்’, ‘ஆ’, ‘யூ நோ’, ‘லைக்’, ‘பேசிக்கலி’ எல்லாவற்றையும் ஒருவர் எதிரே உட்கார்ந்து, கோடு போட்டு எண்ணித் தருவார். மேடைப் பேச்சு பழகும் கிளப்புகளை நடத்தும் டோஸ்ட்மாஸ்டர்ஸின் கூட்டங்களில் இந்தப் பொறுப்புக்கு ஆ கவுண்டர் என்று பெயர். அந்த அமைப்பின் தலைமைப் பயிற்சி, போட்டிகள், சான்றிதழ்கள் எதையும் இங்கே தொடப்போவதில்லை. இந்த நிரப்புச்சொற்களைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே சேர நினைப்பவருக்கு இந்த ஒரு சேவை எவ்வளவு உதவும், எங்கே கைவிரிக்கும் என்பதுதான் விஷயம்.

முதலில் செலவு. டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. உறுப்பினர் கட்டணம் 2023 அக்டோபரிலிருந்து ஆறு மாதத்துக்கு 60 டாலர். புதிதாகச் சேர்பவர் ஒரு முறை மட்டும் 20 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அரங்க வாடகை, தேநீர் என்று கிளப் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கலாம். விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்க்கப் பெரும்பாலான கிளப்புகள் காசு கேட்பதில்லை. சென்னை, கோவை, கொழும்பு எல்லா இடத்திலும் கிளப்புகள் உண்டு.

கூட்டம் வழக்கமாக ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை நடக்கும். தொடக்கத்தில் ஆ கவுண்டர் எழுந்து, எதையெல்லாம் எண்ணப்போகிறேன் என்று அரை நிமிடத்தில் சொல்வார். கையில் கட்டம் போட்ட தாள்: வரிசையில் பேசுபவர்களின் பெயர், மேலே ‘ஆ’, ‘அம்’, ‘எர்’, ‘வெல்’, ‘ஸோ’, ‘லைக்’, ‘யூ நோ’, ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்வது, ‘மற்றவை’ என்று பத்தி பத்தியாக. மேடைப் பேச்சாளர் மட்டுமல்ல, கூட்டத்தை நடத்துபவர், மதிப்பீடு செய்பவர் என எல்லோருடைய கணக்கும் அதில் ஏறும். முடிவில் ஓரிரு நிமிடத்தில் அதை வாசிப்பார். சேவை அவ்வளவுதான். ஆனால் தாளில் என்ன ஏறுகிறது, ஏறியதை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலன் முழுவதும் இருக்கிறது.

தயாரித்துக்கொண்டு வந்து பேசும் 5 முதல் 7 நிமிட உரையின் கணக்கை அதிகம் பொருட்படுத்த வேண்டாம். நான்கு தடவை ஒத்திகை பார்த்த உரையில் யாருக்கும் ‘அம்’ குறையும். டேபிள் டாபிக்ஸ் பகுதிதான் உண்மையைச் சொல்லும். அங்கே கேள்வி அப்போதுதான் காதில் விழும். 1 முதல் 2 நிமிடம் பேச வேண்டும். நேரத்தைக் காட்ட 1 நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், 2-ல் சிவப்பு. யோசிப்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், அலுவலகக் கூட்டத்தில் திடீரென்று கேள்வி கேட்டால் வாயிலிருந்து என்ன வருமோ அதுவே இங்கேயும் வரும். சேவையின் தரத்தைச் சோதிக்க விருந்தினராகப் போகிறவர் இந்தப் பகுதியின் அறிக்கையை மட்டும் கவனித்தால் போதும்.

இப்போது எண்ணிக்கை. ‘உங்களுக்குப் பன்னிரண்டு’ என்று வாசித்தால் முகம் சுண்டிவிடும். அது அதிகமா? இயல்பான ஆங்கில உரையாடலை அளந்த ஆய்வுகளில், மௌனத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே 100 சொல்லுக்கு ஏறக்குறைய 6 தடங்கல்கள் தெரிந்தன. ‘அம்’, திருப்பிச் சொல்வது, பாதியில் விட்டுவிட்டு வேறு மாதிரி தொடங்குவது எல்லாம் இதில் அடக்கம். ஆங்கிலமே தாய்மொழியானவர்களின் பேச்சு அது. இரண்டு நிமிடத்தில் ஒருவர் 250 சொல் பேசுகிறார் என்று வைத்தால் 15 தடங்கல் வரை சாதாரணம். பன்னிரண்டு என்பது அதற்குக் கீழே. ஆ கவுண்டர் அறிக்கையின் முதல் குறை இதுதான்: மொத்தத்தைச் சொல்வார்கள், எத்தனை நிமிடப் பேச்சில் என்று சொல்ல மாட்டார்கள். 7 நிமிட உரையில் வந்த பன்னிரண்டும் 1 நிமிடப் பதிலில் வந்த பன்னிரண்டும் ஒரே தட்டில் வைக்கப்படும். நேரத்தைக் கணக்கிடுபவரின் தாளிலிருந்து உங்கள் நிமிடத்தை வாங்கி நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ‘அம்’ முழுக்கக் குப்பை அல்ல. மொழி உளவியல் ஆய்வாளர்கள் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் ‘ஆ’ வந்தால் பின்னால் சிறு தாமதம், ‘அம்’ வந்தால் பெரிய தாமதம் என்று பேசுபவர்களே வேறுபடுத்திக் காட்டுவதாக எழுதினார்கள். ‘இன்னும் முடிக்கவில்லை, குறுக்கே வராதீர்கள்’ என்ற சைகை அது. அப்படியானால் பூஜ்யத்தைக் குறிவைப்பது வீண் வேலை. கேட்பவருக்கு எரிச்சல் வருவது எண்ணிக்கையால் மட்டுமல்ல. ஒரே ஒலி ஒரே இடத்தில் தாளம் போலத் திரும்பத் திரும்ப வருவதால்.

அந்த இடத்தைக் குறிக்கத்தான் தாளில் கட்டமே கிடையாது. இதற்கு எளிய தீர்வு உண்டு. பேசுவதற்கு முன்பே ஆ கவுண்டரிடம் போய், வெறும் கோடு போடாமல் மூன்று எழுத்தில் ஒன்றைப் போடச் சொல்லுங்கள்: வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் ‘தொ’, நடுவில் சொல் தேடும்போது வந்தால் ‘ந’, ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வந்தால் ‘தா’. ‘தா’ அதிகம் என்றால் உங்கள் பேச்சுக்கு வரைபடம் இல்லை. மூன்று தலைப்புகளை விரல் விட்டு எண்ணி வைத்துக்கொண்டு பேசினால் பாதி போய்விடும். ‘ந’ அதிகம் என்றால் அந்தத் துறைச் சொற்கள் வாயில் பழகவில்லை. ‘தொ’ மட்டும் அதிகம் என்றால் வெறும் பழக்கம், சீக்கிரம் சரியாகும்.

தாளில் ‘ஆ’, ‘எர்’ என்று தனித்தனியே பத்தி இருப்பதும் வேடிக்கை. அமெரிக்கர்கள் ‘ஆ’ (uh) என்று எழுதும் ஒலியைத்தான் பிரிட்டனில் ‘எர்’ என்று எழுதுகிறார்கள். அங்கே அந்தக் கடைசி ‘ர்’ பலரின் வாயில் ஒலிப்பதில்லை. எழுத்துதான் இரண்டு, ஒலி ஒன்றே. அந்தப் பத்தியை அடித்துவிட்டு, தமிழ் பேசுபவர்களுக்குத் தேவையான ஒன்றைச் சேர்க்கலாம்: இழுவை. நாம் ‘அம்’ சொல்வதைவிட ‘அண்டூ…’, ‘பட்டூ…’, ‘ஸோ…’ என்று சொல்லின் வாலை நீட்டுவோம். மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒரு உகரம் சேர்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருப்பதால், யோசிக்கும் நேரமெல்லாம் அந்த உகரத்தில் போய் உட்காரும். பல ஆ கவுண்டர்கள் இதை ‘அண்ட்’ என்ற நல்ல சொல்லாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். கணக்கில் சுத்தமாகத் தெரியும் பேச்சு காதில் இழுவையாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. ‘அம்’முக்கு வேறு பொருள் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு எண்ணலாம். ‘லைக்’ அப்படியல்ல. ‘ஷீ வாஸ் லைக்’ என்று அடுத்தவர் பேச்சைச் சொல்லும்போது அதற்கு வேலை இருக்கிறது. ‘லைக் டென் பீப்பிள்’ என்றால் ‘ஏறக்குறைய’ என்று பொருள். ‘இட் வாஸ், லைக், குட்’ என்பதில்தான் அது சும்மா நிற்கிறது. ‘ஸோ’ முந்தைய வாக்கியத்தின் விளைவைச் சொன்னால் சரி. கேள்விக்குப் பதிலின் முதல் சொல்லாகவே வந்தால் நிரப்புச்சொல். ‘ஆக்சுவலி’ எதிரில் இருப்பவர் நினைத்ததை மறுக்கும்போது மட்டும் தேவை. மேலாளர் ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்டதற்கு ‘ஆக்சுவலி’ என்று தொடங்கினால், இத்தனை நாள் பெயரை மறைத்து வைத்திருந்த மாதிரி ஆகும். அனுபவமுள்ள ஆ கவுண்டர் இவற்றைப் பிரித்துக் குறிப்பார். புதியவர் எல்லாவற்றையும் அள்ளிப் போடுவார், இல்லை எல்லாவற்றையும் விட்டுவிடுவார். இந்தப் பொறுப்பு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு ஒருவருக்குப் போகும் என்பதால், போன கூட்டத்தின் எண்ணோடு இந்தக் கூட்டத்தின் எண்ணை ஒப்பிட்டு ‘முன்னேறிவிட்டேன்’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

தேய்ந்த தொடர்கள் இந்தச் சேவையின் எல்லைக்கு வெளியே. ‘அட் த எண்ட் ஆஃப் த டே’, ‘டு பி ஆனஸ்ட்’, ‘கோயிங் ஃபார்வர்ட்’, ‘தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்’ போன்றவற்றுக்குத் தாளில் கட்டம் இல்லை. அதிகம் போனால் ‘மற்றவை’ பத்தியில் விழும். ஆனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் மக்களை அதிகம் கடுப்பேற்றுவது இவைதான். எளிய ஆங்கிலத்துக்காகப் பாடுபடும் பிரிட்டனின் பிளெயின் இங்கிலீஷ் கேம்பெய்ன் 2004-ல் 70-க்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கும் தன் ஆதரவாளர்கள் 5,000 பேரிடம் கேட்டபோது ‘அட் த எண்ட் ஆஃப் த டே’ முதலிடம் பிடித்தது. மிச்சிகனின் லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1976-லிருந்து புத்தாண்டுதோறும் ‘நாடு கடத்தப்பட்ட சொற்கள்’ பட்டியல் வெளியிடுகிறது; இதே தொடர் அதில் 1999, 2022, 2024 மூன்று ஆண்டும் ஏறியது. மூன்று முறை நாடு கடத்தியும் போகாத ஆள்! கூட்டத்தில் கிராமரியன் என்று இன்னொரு பொறுப்பு இருக்கிறது. மொழிப் பிரயோகத்தைக் கவனிப்பது அவர் வேலை. இந்தத் தொடர்களைக் குறித்துத் தரும்படி அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சில கிளப்புகளில் ஒவ்வொரு ‘அம்’முக்கும் மணியடிப்பார்கள், உண்டியலில் காசு போடச் சொல்வார்கள். மணியடிக்கும் கிளப்பைத் தவிர்த்துவிடலாம் என்பதே நம் கருத்து. மணிச் சத்தம் பேசுபவரின் கவனத்தைப் பொருளிலிருந்து வாய்க்கு இழுக்கும்; யோசனை தடைபட்டால் அடுத்த வாக்கியத்தில் இரண்டு ‘அம்’ வரும். உண்டியல் பரவாயில்லை, பேச்சு முடிந்த பிறகுதானே.

எண்ணிச் சொல்வதோடு ஆ கவுண்டர் வேலை முடிந்தது. குறைப்பது உங்கள் பாடு. எல்லாச் சொல்லையும் ஒரே நேரத்தில் துரத்தாதீர்கள். ‘அம்’மை மட்டும் விரட்டினால் அந்த இடத்தில் ‘ஸோ’ வந்து குந்திக்கொள்வது வழக்கம். ஆகவே இரண்டு கூட்டத்துக்கு ஒரே ஒரு ஒலியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கியம் முடிந்ததும் உதட்டை மூடி மூக்கால் ஒரு மூச்சு இழுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது குரல் எழாது, ‘ஆ’வுக்கு வழியில்லை. வாக்கியங்களை ‘அண்ட்’ போட்டுக் கோத்துக்கொண்டே போவதை நிறுத்தினால் இழுவையில் பெரும்பகுதி தானாகக் கழன்றுவிடும். டேபிள் டாபிக்ஸில் கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்லி நேரம் வாங்கும் உத்தியைப் பலர் சொல்லித் தருவார்கள். ஒரு முறை செய்தால் சரி. வழக்கமாக்கினால் அதுவும் ஒரு நிரப்புச்சொல்தான், கொஞ்சம் நீளமானது.

இலவச மாற்று என்று பார்த்தால் பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ பட்டியலுக்குள் ‘ரிஹர்ஸ் வித் கோச்’ இருக்கிறது. இணைய இணைப்போடு பேசிக் காட்டினால் நிரப்புச்சொற்கள், வேகம், ஸ்லைடை அப்படியே வாசிப்பது எல்லாவற்றையும் அறிக்கையாகத் தரும். சாளரத்தை மூடினால் அறிக்கை போய்விடும் என்பதால் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தயாரித்த உரைக்கு இது போதும், ஒத்திகைக்கு ஆளும் தேவையில்லை. திடீர்க் கேள்விக்கு அங்கே வழியில்லை. போனில் பதிவு செய்து எழுத்தாக்கும் செயலியில் போட்டு எண்ணலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அத்தகைய கருவிகளில் பல, படிக்க வசதியாக ‘அம்’, ‘ஆ’வைத் தாமே நீக்கிவிடும். எழுத்தில் பூஜ்யம் என்று பார்த்து மகிழ வேண்டாம்; பதிவைக் காதால் கேட்டு எண்ணுங்கள்.

இணையவழிக் கூட்டம் நடத்தும் கிளப்புகளில் எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது. சத்தம் குறைக்கும் மென்பொருள் மெல்லிய ‘ம்’களை விழுங்கும், இணைப்பு தடுமாறினால் அது பேச்சுத் தடுமாற்றம் போலக் கேட்கும். நேரில் நடக்கும் கிளப் பக்கத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சேருவதற்கு முன் வேறு வேறு ஆ கவுண்டர்கள் இருக்கும் கூட்டங்களாகப் பார்த்து மூன்று முறை விருந்தினராகப் போங்கள். ‘நான்கு அம், இரண்டு ஸோ, நன்றி’ என்று வாசித்துவிட்டு உட்காருகிறார்களா, ‘ஒவ்வொரு புதுக் கருத்துக்கு முன்பும் ஸோ வந்தது’ என்று இடத்தைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முதல் வகை மட்டுமே நடக்கும் கிளப்புக்கு 60 டாலர் தண்டம். போன் பதிவே அந்த வேலையைச் செய்யும். இரண்டாம் வகை கிடைத்தால் ஆறு மாதம் தாராளமாகப் போகலாம். கட்டணச் சுற்று ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் தொடங்கும். இடையில் சேர்ந்தால் மீதி மாதங்களுக்கு மாதம் 10 டாலர் வீதம் கணக்கிடுவார்கள். மார்ச்சிலோ செப்டம்பரிலோ சேர்ந்தால் ஒரு மாதப் பணத்தோடு அடுத்த அரையாண்டுப் பணத்தையும் கையோடு எடுத்து வைக்க வேண்டிவரும்.