முழங்கை தேய்மானம்: கேமரா ஆபரேஷனா, செயற்கை மூட்டா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்கு வலது முழங்கை முழுசாக நீளாது, மடங்காது. மண்வெட்டி பிடித்தே தேய்ந்த கை. கழுத்துப் பட்டனை இடது கையால்தான் போடுவார். சாப்பிடும்போது கைக்குப் பதில் தலைதான் குனிந்து வரும்.

மாத்திரையும் பயிற்சியும் பலிக்காவிட்டால், ஒரு வழி சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு, முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பு வளர்ச்சிகளையும் உள்ளே உதிர்ந்து கிடக்கும் துணுக்குகளையும் எடுப்பது. நீட்டி மடக்கும் கடைசியில் மட்டும் வலிக்கிற, திடீரென்று பூட்டிக்கொள்கிற கைக்கு இது நன்றாகக் கேட்கும். ஆறியபின் மண்வெட்டியும் பிடிக்கலாம். ஆனால் தேய்மானம் நிற்காது. சுண்டுவிரல் மரத்துப்போனால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். முழங்கையில் அழுந்தும் நரம்பையும் சேர்த்தே விடுவிக்கலாம்.

செயற்கை மூட்டு வலியை நன்றாகவே போக்கும். சரி, அப்புறம்? ஆயுசு முழுக்க அந்தக் கையால் சுமார் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. அடிக்கடி தூக்குவதென்றால் 1 கிலோதான். நெல் மூட்டை இருக்கட்டும், தண்ணீர்க் குடமே ஆகாது. மீறினால் மூட்டு தளர்ந்து மறுபடி ஆபரேஷன். அதனால்தான் வயதான, பாரவேலை இல்லாதவர்களுக்கே பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள்.

குறுவைக்கு வயலில் இறங்கியே தீருவேன் என்கிற பெரியப்பாவுக்கு முதல் வழியைத்தான் சொன்னேன்.