நான்கு மீனாட்சிகளும் மூன்று வழிகளும்

காரைக்குடிப் பக்கம் இருபத்தைந்து படுக்கை உள்ள மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கிறேன். கணினிமயம் ஆக்குவதா, ஆக்கினால் எதை வாங்குவது என்று ஆறு மாதமாகப் பேச்சு ஓடுகிறது.

எங்களுக்குச் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. ஐயா பெயரைப் பேரனுக்கும் அப்பத்தா பெயரைப் பேத்திக்கும் வைக்கும் ஊர் இது. ஒரே தெருவில் நான்கு மீனாட்சி இருப்பார்கள், இனிஷியலும் சேர்ந்தே பொருந்தும். போன வருடம் ஓர் ஆச்சிக்கு வேறொரு மீனாட்சியின் கோப்பு டாக்டர் மேசைக்குப் போய்விட்டது. "எனக்கு எப்பத் தம்பி சர்க்கரை வந்துச்சு?" என்று ஆச்சியே கேட்டதால் தப்பித்தோம்.

முதல் வழி, இப்போதுள்ள நோட்டும் ஓ.பி. சீட்டும். கரன்ட் போனாலும் நோட்டு நிற்காது. டாக்டர் அரை நிமிடத்தில் எழுதிவிடுவார். ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய கேஸ் ஷீட்டைத் தேட ஒருவர் மாடியேற வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அதில் எழுதியிருந்தால், எழுதியதால் யாருக்கும் பயனில்லை. பார்மசியில் எக்ஸ்பைரி ஆகும் மருந்து கண்ணில் படுவதும் தற்செயல்தான்.

இரண்டாவது, மாத வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருள். சர்வர் அவர்களுடையது, பராமரிப்பும் அவர்களே. பதிவு, லேப், பார்மசி, பில்லிங் எல்லாம் ஒரே எண்ணில் ஓடும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டால் உடனே அனுப்பலாம். பெரிய வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. இன்டர்நெட் போனால் கவுன்டர் நிற்கும் என்பது தெரிந்த குறைதான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. "ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் எங்கள் தரவை எந்த வடிவில் தருவீர்கள்?" என்று விற்க வந்தவரிடம் கேட்டேன். அதுவரை மூச்சுவிடாமல் பேசியவர், "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார்.

மூன்றாவது, பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருள். 2004-இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற, நோயாளிப் பதிவுகளுக்கான கட்டற்ற மென்பொருளின் மேல் கட்டியது. பில்லிங்குக்கு ஓடூ, லேபுக்கு ஓப்பன்எலிஸ் என்று ஏற்கெனவே இருந்தவற்றைக் கோத்திருக்கிறார்கள். சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்தில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனைக்காக முதலில் உருவானது. அதாவது நம்மைப் போன்ற இடத்தை மனதில் வைத்து. உரிமக் கட்டணம் இல்லை, சர்வரை நம் கட்டடத்திலேயே வைக்கலாம். இலவசம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. யூ.பி.எஸ்., தினசரி பேக்கப், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், எல்லாம் நம் செலவு. அந்த ஆள் சென்னைக்கு வேலை கிடைத்துப் போய்விட்டால்?

தேசிய தகவலியல் மையத்தின் இ-ஹாஸ்பிடல் என்ற மென்பொருள் முக்கியமாக அரசு மருத்துவமனைகளுக்கானது. அதனால் எங்கள் பட்டியலில் இல்லை.

ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவுகளையும் இணைக்க அரசு தரும் 14 இலக்க ஆபா எண் இருக்கிறதே என்பார்கள். 2021-இல் நாடு முழுவதும் வந்த நல்ல ஏற்பாடு, ஆனால் எடுப்பது அவரவர் விருப்பம். மயங்கிய நிலையில் வருகிறவரிடம் அதைக் கேட்க முடியாது. மருத்துவமனைக்கென்று சொந்த எண் வேண்டும். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளி என்று எண்ணி நகரத்தார் சமூகம் கோயில் கணக்கு வைத்த ஊருக்கு இது புதிதும் அல்ல.

எந்த மென்பொருளானாலும் இரவுப் பணியில்தான் உரசல். சிஸ்டர் பி.பி.யைத் தாளில் எழுதிவைத்து, காலை ஆறு மணிக்கு மொத்தமாகத் தட்டினால், திரையில் எல்லா நேரமும் ஆறு மணி. அப்படிப்பட்ட பதிவுக்கு நோட்டே மேல்.

ஆகவே என் சாய்வு இப்படி: பதிவு, லேப், பார்மசி, பில்லிங் நான்குக்கும் வாடகை மென்பொருள். கேஸ் ஷீட் இப்போதைக்குத் தாளிலேயே இருக்கட்டும், மேலே எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். மாதம் ஒருமுறை தரவு முழுவதும் எக்ஸெல் கோப்பாக நம் கையில் வர வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பக்கத்து ஊர் மருத்துவமனைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு தொழில்நுட்ப ஆளுக்குச் சம்பளம் தரச் சம்மதித்தால் மறுபேச்சில்லாமல் பாம்னிதான்.

அடுத்த வாரம் இன்னொரு நிறுவனம் டெமோவுக்கு வருகிறது. ஒரே இனிஷியலில் நான்கு மீனாட்சிகளைப் பதியச் சொல்லிவிட்டு, மூன்றாவது மீனாட்சியின் லேப் ரிப்போர்ட்டை எடுக்கும் வேலையை இரவுப் பணி சிஸ்டரிடம் கொடுக்கப்போகிறேன். அவர் எத்தனை முறை "இது யாரு?" என்று கேட்கிறார் என்று எண்ணுவது மட்டும் என் வேலை.